நாலில் மூன்று பேர்

நீங்கள் திருச்செந்தூர் வரைக்குமா தங்கச்சி? நல்லதாய்ப் போயிற்று. நானும் திருச்செந்தூர்தான். மகளைக் கட்டிக்கொடுத்த இடம். குரும்பூர் தாண்டினால் கொம்பன்விளை விலக்கு என்று ஒரு நிறுத்தம் வரும். அங்கே இறங்கணுமா என்று கண்டக்டர் கேட்டதற்கு, "நான் ஏன் இறங்கணும்?" என்று சத்தம் போட்டுவிட்டேன். பாவம், அவர் ஒரு பேச்சுக்குக் கேட்டார். இன்றைக்கு அங்கே விழா, காலையிலிருந்து அங்கே இறங்குகிற கூட்டம்தான் போலிருக்கிறது. எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. பிறந்த ஊர்தான். ஆனாலும் வேலை இல்லை.

கேஸை அணைத்தேனா என்று வேறு ஞாபகமில்லை. வீட்டுக்காரர் இருக்கிறார். ஆனால் அவருக்கு வாசனை தெரியாது.

என்ன விழாவா? கபடி விழா. பொம்பிளைகள் கபடி. சிரிக்காதீர்கள். இல்லை, சிரித்தாலும் பரவாயில்லை, என் மகளின் மாமியாரே சிரிக்கிறாள். "உங்கம்மா கபடி ஆடுனாவளா? இந்த ஒடம்ப வச்சிக்கிட்டா?" என்று வீட்டு நடுக்கூடத்தில் உட்கார்ந்து மகளிடம் கேட்கிறாள். மகள் என்ன சொல்லுவாள்? ஒரு போட்டோ இருந்தால் காட்டலாம். அந்தக் காலத்தில் யார் போட்டோ எடுத்தார்கள்? இதோ இந்த விரலைப் பாருங்கள், சுண்டுவிரல், ஒரு பக்கமாய் வளைந்து நிற்கிறதே. ஒரு ராட்சசியின் கணுக்காலை நான் பிடித்தபோது ஒடிந்தது. விரல் ஒடிந்தது, பிடி விடவில்லை. இதை எப்படி அந்த அம்மாவிடம் காட்டுவது? கதவில் நசுங்கியிருக்கும் என்பாள்.

அதனால்தான் சொல்கிறேன், அந்த விழா நடக்கிற ஹால் சுவரில் என் படம் ஒன்று வந்திருந்தால் போதும். அந்த அம்மாவைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் முன்னால் நிறுத்தியிருப்பேன். பேசவே மாட்டேன். சும்மா நிறுத்துவேன்.

எங்கே விட்டேன்? கபடி. உங்களுக்குத் தெரிந்திருக்கும், எதிர் அணிக்காரி பாடிக்கொண்டு நம் களத்துக்குள் வருவாள். நாங்கள் ஏழு பேர் நிற்போம். ஓரத்தில் நிற்கிறவளுக்குக் கார்னர் என்று பேர். நான் இடது கார்னர். எனக்கு அடுத்து நிற்கிறவள் எப்சி. எப்சிபா என்று முழுப்பேர். எங்கள் ஊரில் பாதிப் பேர் வேதக்காரர்கள், சர்ச்சுக்குப் போகிறவர்கள். நாங்கள் இரண்டு பேரும் கையைக் கோத்துக்கொண்டு நிற்க வேண்டும். பாடி வருகிறவள் காலை நீட்டினால் நான் கையை விட்டுவிட்டுப் பாய்ந்து கணுக்காலைப் பிடிப்பேன். அடுத்த நிமிஷம் எப்சி வந்து இடுப்பைப் பிடிக்க வேண்டும். அவள் வரவில்லை என்றால், பாடி வந்தவள் கால் பிடித்த என்னை அப்படியே தரதரவென்று இழுத்துக்கொண்டு போய்க் கோட்டைத் தொட்டுவிடுவாள். ஊரெல்லாம் பாடிப் போகிறவளுக்குத்தான் கை தட்டும். ஆனால் ஆட்டம் பக்கத்தில் கை கொடுத்து நிற்கிறவளை நம்பித்தான் இருக்கிறது. பதிமூன்று வயதிலிருந்து கல்யாணம் ஆகும்வரைக்கும் அவள் கையை நம்பித்தான் நான் பாய்ந்தேன். ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை. வந்திருக்கிறாளா என்று பார்த்தால் பிடி நழுவிவிடும்.

அப்படிப்பட்டவள்தான் எனக்கு இதைச் செய்தாள்.

நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். அப்பா நிறுத்திவிட்டார். எப்சி பன்னிரண்டு முடித்தாள். ரயில்வேயில் ஆட்டக்காரர்களுக்கு வேலை கொடுத்தபோது எங்கள் இரண்டு பேரையும்தான் பிடித்துப்போனது. ஆனால் பத்தாவது சர்டிபிகேட் கேட்டார்கள். அவள் வேலைக்குப் போனாள், நான் கழுத்தை நீட்டிப் பாளையங்கோட்டைக்குப் போனேன். அதற்கெல்லாம் எனக்குக் கோபமே கிடையாது. அதை நான் நினைப்பதுகூட இல்லை. முதல் சம்பளத்தில் பீரோ வாங்கிவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். "நல்லாருக்குட்டி" என்றுதான் சொன்னேன். கைப்பிடி கொஞ்சம் லொடலொட என்று ஆடியது. அதையும் சொன்னேன். சொல்ல வேண்டியதுதானே?

எங்கள் அணியை ஆரம்பித்தவர் கோயில்பிள்ளை என்று ஒரு பெரியவர். அவர் மகன் ஜெபசிங், அமெரிக்காவில் இருக்கிறார். அப்பா பேரில் கொம்பன்விளையில் ஒரு ஹால் கட்டிக் கொடுத்தார். கிரானைட் தரை, மின்விசிறி எல்லாம் போட்டு. அதில் ஒரு சுவர் முழுக்கக் காலி. அந்தக் காலத்துப் பெரிய ஆட்டக்காரர்கள் படத்தை அதில் மாட்ட வேண்டும் என்றார். அதுவரைக்கும் எல்லாம் நல்லாத்தான் போனது.

தேவசகாயம் மாஸ்டர் என்ன சொன்னார் என்றால், ஆளுக்கு ஒரு படம் மாட்டிவிடுவோம், யாருக்கும் மனக்கசப்பு வேண்டாம் என்றார். எங்கள் மாஸ்டர். எங்களுக்கெல்லாம் ஆட்டம் சொல்லிக்கொடுத்தவர். ஜெபசிங் கேட்கவில்லை.

"அப்படியெல்லாம் மாட்டுனா அதுக்கு மதிப்பு கெடையாது மாஸ்டர். அங்க பேஸ்பால்னு ஒரு ஆட்டம் இருக்கு. ஒருத்தன் பந்த எறிவான், ஒருத்தன் உருண்டக் கட்டையால அடிச்சிட்டுச் சுத்தி ஓடுவான்."

"கிரிக்கெட்டுதான?"

"கிரிக்கெட் இல்ல மாஸ்டர். அதுல பெரிய பெரிய ஆட்டக்காரங்களுக்குன்னு ஒரு மண்டபம் வச்சிருக்காங்க. உள்ள போகணும்னா லேசுப்பட்ட காரியம் இல்ல. ஆட்டத்த விட்டு அஞ்சு வருஷம் ஆகியிருக்கணும். பத்து வருஷமா அந்த ஆட்டத்தப் பத்திப் பேப்பர்ல எழுதுதவங்க ஓட்டுப் போடணும். நாலுல மூணு பேரு குத்துனாத்தான் உள்ள போக முடியும். பாதிக்கு மேல வாங்குனாலும் ஆகாது. பணக்காரன், அரசியல்வாதி, சாதி, எதுவும் செல்லாது."

"நம்ம ஊருல யாருப்பா பேப்பர்ல எழுதுதா?" என்று கேட்டார் மாஸ்டர்.

"மொட்டக் கடுதாசி எழுதுதவன் ரெண்டு பேரு இருக்கான். அவனுவளச் சேத்துக்கிடலாமா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். ஹாலே சிரித்தது.

கடைசியில் பேசி முடித்தார்கள். எங்கள் கபடிக் கழகத்தில் பத்து வருடம் ஆடினவர்கள், ஆட்டம் நடத்தினவர்கள், நடுவராய் நின்றவர்கள், இவர்களுக்கு ஓட்டு. இருபத்துநான்கு பேர் தேறினோம். ஆக, பதினெட்டுப் பேர் குத்த வேண்டும். அங்கே ஒரு தாளில் பத்துப் பேர் வரைக்கும் குத்தலாமாம். இங்கே மூன்று பேர் போதும் என்றார்கள். அங்கே ஒருத்தர் பேர் பத்து வருடம் தாளில் இருக்குமாம். இங்கே மூன்று வருடம். மூன்றிலும் வரவில்லை என்றால் பேரையே எடுத்துவிடுவார்கள். அப்புறம் எழுபது கோப்பை வாங்கியிருந்தாலும் கிடையாது.

ஜெபசிங் இன்னொன்றும் சொன்னார். "யாருமே தகுதி இல்லன்னு நெனச்சா வெறுந்தாள மடிச்சுப் போடலாம். அதுவும் ஒரு ஓட்டுதான். மொத்தக் கணக்குல சேந்துரும்." இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்த ஆள் எவ்வளவு நுணுக்கமாய்ப் பேசினார் என்பதற்காகச் சொல்கிறேன். நுணுக்கமாய்ப் பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை.

முதல் வருடம் எனக்கு விழுந்தது குறைச்சல். பரவாயில்லை, ஆரம்பம்தானே என்று இருந்துவிட்டேன். இரண்டாவது வருடம் கூடியது. அதைப் பார்த்துவிட்டு எல்லோரும் என்னிடம், "அடுத்த தடவ நீதான்" என்றார்கள். மார்க்கெட்டில் பார்த்தாலும் அதே பேச்சு, கல்யாண வீட்டில் பந்தியில் பார்த்தாலும் அதே பேச்சு. எப்சியும் சொன்னாள். "ஒனக்குப் போடாம வேற யாருக்குட்டி போடுவாவ?" என்றாள். இதே வாயால் சொன்னாள்.

நான் ஸ்டுடியோவுக்குப் போய்ப் போட்டோ எடுத்துவிட்டேன். தப்பா? ஜெபசிங் ஒரு வாரத்துக்குள் படம் வேண்டும் என்று கடைசி நேரத்தில் கேட்டால் என்ன செய்வது? ஸ்டுடியோக்காரன், "பாஸ்போர்ட் சைஸாம்மா?" என்றான். "பெருசு, சுவர்ல மாட்டுத சைஸு" என்றேன். அவன் ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, "வீட்டுல யாரும் தவறிட்டாங்களா?" என்று கேட்டான். அந்த மடையனிடம் என்னத்தைச் சொல்ல? சட்டம் போட்டு வாங்கி வந்தேன். வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "நீயே பூ வச்சிக்கிடுவியா, நான் வைக்கணுமா?" என்றார். அவருக்கு எல்லாம் விளையாட்டு. இப்போது அது கட்டிலுக்கு அடியில் சாக்கைச் சுற்றிக் கிடக்கிறது. பெருக்கும்போது விளக்குமாறு அதில்தான் போய் இடிக்கிறது.

மூன்றாவது வருடத் தாள் வந்தது. ஒன்பது பேர். என் பேர், எப்சி பேர், மாஸ்டர் பேர், பிச்சம்மாள் பேர், இன்னும் ஐந்து பேர். பிச்சம்மாள் யார் என்றால், எங்கள் அணியில் உட்கார்ந்தே இருந்தவள். யாருக்காவது அடிபட்டால் இறங்குவாள், மற்ற நேரம் தண்ணிச் செம்பு தூக்குவாள். நல்ல பெண். ஆனால் எத்தனை வருடம் உட்கார்ந்தாலும் பெஞ்சுக்கு ஒரு சுவரா கட்ட முடியும்?

நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? நான் பொதுவாய் நடந்துகொண்டேன். தன் பேருக்குத் தானே குத்துகிற புத்தி எனக்குக் கிடையாது. கை கூசாதா? சரி, மற்றவர்களுக்குக் குத்தலாம் என்றால், ஒருத்திக்குக் குத்தினால் இன்னொருத்திக்கு வருத்தம். அதுவுமில்லாமல் அவர்களை நானே என் கையால் தூக்கி எனக்கு மேலே வைப்பதா? அதனால் மூன்று வருடமும் வெறும் தாளை அழகாய் மடித்துப் போட்டேன். யாருக்கும் நல்லதும் செய்யவில்லை, கெட்டதும் செய்யவில்லை. வெறும் தாள்தானே.

போன மாதம் ஹாலில் வைத்து எண்ணினார்கள். ஜெபசிங்கே வந்திருந்தார். கீழே இருந்து மேலே வாசித்தார். பிச்சம்மாளுக்கு எட்டு என்றதும் அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "எனக்கா? எனக்கா எட்டுப் பேரு?" என்று பக்கத்தில் இருந்தவர்களை எல்லாம் கட்டிப்பிடித்தாள். என்னையும் கட்டிப்பிடித்தாள். மாஸ்டருக்குப் பதினாறு. அவர் தலையை ஆட்டிவிட்டுத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். அப்புறம் என் பேர்.

"சுயம்புக்கனி, பதினேழு."

பதினேழு. இன்னும் ஒன்று. ஒரே ஒரு தாள், தங்கச்சி. நான் எழுந்து நின்றுவிட்டிருக்கிறேன். எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை. உட்காரவும் தெரியவில்லை. அப்படியே நிற்கிறேன், "எப்சிபா, பத்தொம்பது" என்று வாசிக்கிறார், எல்லோரும் கை தட்டுகிறார்கள், நான் அவளுக்காக எழுந்து நிற்கிறேன் என்று நினைத்துப் பின்னால் இருக்கிறவர்களும் எழுந்து நிற்கிறார்கள். அவமானம் என்றால் அதுதான்.

தண்ணீர் குடிக்கிறீர்களா? எனக்கு வேண்டாம், பஸ்ஸில் குடித்தால் ஒத்துக்கொள்ளாது. தென்திருப்பேரை வந்துவிட்டதா? இன்னும் கொஞ்ச தூரம்தான்.

அதற்குப் பிறகு நான் சும்மா இருக்கவில்லை. யார் குத்தவில்லை என்று எனக்குத் தெரிய வேண்டாமா? ஒவ்வொருத்தராய்ப் போய்ப் பார்த்தேன். வெளியூரில் இருக்கிறவர்களுக்குப் போன் போட்டேன். எல்லோரும் தங்கமான மனுஷர்கள். "ஐயோ, நான் ஒனக்குத்தான குத்துனேன்" என்றார்கள். ஒருத்தி வீட்டு விளக்கைத் தொட்டுச் சத்தியம் செய்தாள். ஒருத்தி மாதா சுரூபத்துக்கு முன்னால் நின்று சொன்னாள். நடுவராய் இருந்த செல்லப்பாண்டி அண்ணன் பேரன் தலையில் கை வைக்கப் போனார், நான்தான் வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டேன். மாஸ்டரிடம் கேட்டபோது, "ஒனக்குக் குத்தாமப் பின்ன?" என்று அவருக்குக் கோபமே வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து கூட்டிப் பார்த்தேன். எப்சியை இன்னும் கேட்கவில்லை. என்னை விட்டுவிட்டால் மிச்சம் இருபத்திரண்டு பேர். இருபத்திரண்டு பேரும் எனக்குக் குத்தியிருக்கிறார்கள். விழுந்ததோ பதினேழு.

"அப்போ அஞ்சு பேரு பொய் சொல்லியிருக்கான்" என்றார் வீட்டுக்காரர், பேப்பரை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

"பேசாம இருங்க. மாதாவுக்கு முன்னால நின்னு சொல்லியிருக்காவ."

"சரி, அப்போ மாதாதான் பொய் சொல்லியிருக்கா."

இந்த மனுஷனிடம் பேசவே கூடாது. எனக்குச் சந்தேகம் எல்லாம் ஜெபசிங் மேல்தான். எண்ணும்போது இரண்டு தாள் ஒட்டிக்கொண்டிருக்கும். அமெரிக்காவில் இருக்கிறவருக்கு நம் ஊர்த் தாளை எண்ணிப் பழக்கம் இருக்குமா?

மறுநாள் எப்சியே வீட்டுக்கு வந்தாள். கையில் ஆப்பிள் பை. சுவரில் படம் வரப்போகிறவள், அதனால் ஆப்பிள். மற்ற நாளில் வாழைப்பழம்தான் வாங்கி வருவாள். காப்பி போட்டுக் கொடுத்தேன். மனசுக்குள் நினைத்துக்கொண்டேன், இவளைக் கேட்க வேண்டியதே இல்லை, மரியாதைக்கு ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கணக்கை முடித்துவிடுவோம் என்று.

"ஏட்டி, எல்லாரையும் கேட்டுட்டேன். ஒன்ன மட்டும் கேக்கல. நீ எனக்குக் குத்துனல்லா?"

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "இல்லட்டி" என்றாள்.

"சும்மா வெளையாடாத."

"வெளையாடல சுயம்பு. நான் ஒனக்குக் குத்தல. அதச் சொல்லத்தான் வந்தேன். ராத்திரியெல்லாம் ஒறக்கமில்ல."

ஆப்பிள் பையை அவள் பக்கமாய்த் தள்ளிவைத்தேன்.

"மூணு பேருக்குத்தான குத்த முடியும்? என் பேருக்கு ஒண்ணு குத்துனேன். மாஸ்டருக்கு ஒண்ணு. அப்புறம் பிச்சம்மாளுக்கு ஒண்ணு."

"பிச்சம்மாளுக்கா! செம்பு தூக்குனவளுக்கா?"

"பேரு பேரா வாசிப்பாவல்லா. அவளுக்கு ஒண்ணுகூட இல்லன்னு அத்தன பேரு முன்னால வாசிச்சா அவ மனசு என்ன பாடுபடும்? ஒரு ஓட்டாவது இருக்கட்டும்னு போட்டேன். எனக்கு என்ன தெரியும், இன்னும் ஏழு பேரு இதையே நெனச்சுப் போடுவான்னு? நீ எப்படியும் வந்துருவேன்னு நெனச்சேன்ட்டி. ஊரே ஒனக்குத்தான் குத்தும்னு சொல்லிக்கிட்டிருந்துச்சே. இருவது வந்துரும், இருவத்தொண்ணு வந்துரும்னு இருந்தேன்."

"ஊரு குத்தும்னு நீ குத்தாம இருந்தியா?"

"தப்புதான். தப்பில்லன்னு சொல்லல. என் பேர விட்டுட்டு ஒனக்குக் குத்தியிருக்கணும்." மூக்கை உறிஞ்சினாள். அப்புறம் கேட்கிறாள், "சரி, நீ யாருக்குக் குத்துன?"

"நான் யாருக்கும் குத்தல. வெறுந்தாளத்தான் போட்டேன். எனக்கு ஒன்ன மாதிரி என் பேருக்கு நானே குத்திக்கிடத் தெரியாது."

"எனக்கும் குத்தலயா?"

"அது வேற விஷயம். பேச்ச மாத்தாத."

"ஏ சுயம்பு... வெறுந்தாளும் கணக்குல சேரும்னு அவரு சொன்னாரேட்டி. நீ ஒம் பேருக்கு ஒரு குத்து குத்தியிருந்தா பதினெட்டுட்டி! அன்னைக்கே முடிஞ்சிருக்குமேட்டி!"

பார்த்தீர்களா? பார்த்தீர்களா எப்படித் திருப்புகிறாள் என்று? செய்ததைச் செய்துவிட்டுக் கடைசியில் என் தலையில் கொண்டு வந்து வைக்கிறாள். அன்றைக்கே முடிந்திருக்குமாம். இவள் குத்தியிருந்தாலும்தான் அன்றைக்கே முடிந்திருக்கும். நான் என் பேருக்கு நானே குத்தியா அந்தச் சுவரில் ஏற வேண்டும்? நாலு பேர் மனசாரக் குத்தி ஏறினால்தானே அதற்குப் பேர் மரியாதை? ஆப்பிளைத் திருப்பிக் கொடுத்தனுப்பினேன். ஒன்று மட்டும் வீட்டுக்காரர் அதற்குள் கடித்துவிட்டார்.

போகும்போது வாசலில் நின்று சொல்கிறாள். விழாவில் படத்தை மூடியிருக்கிற துணியை யாராவது ஒருத்தர் எடுக்க வேண்டுமாம். யார் எடுக்க வேண்டும் என்று படத்துக்கு உரியவர்கள்தான் சொல்ல வேண்டுமாம். "நான் ஒம் பேரத்தான் கொடுத்திருக்கேன்" என்றாள். எப்படி இருக்கிறது? என்னை ஏறவிடாமல் செய்துவிட்டு, அவள் முகத்தை என் கையால் திறந்து காட்ட வேண்டுமாம். நேற்றும் போன் போட்டாள், "எந்த பஸ்ஸுலட்டி வார?" என்று. வைத்துவிட்டேன்.

இன்றைக்குத்தான் மகள் வீட்டுக்குப் போக வேண்டுமா என்று கேட்காதீர்கள். அவள் வரச் சொல்லவில்லை. நானாகத்தான் கிளம்பினேன். வீட்டில் இருந்தால் மணியைப் பார்த்துக்கொண்டே இருக்கத் தோன்றும். வேறு பஸ் இருக்கிறதுதான், சுற்றிப் போகும். அவளுக்குப் பயந்துகொண்டு நான் ஏன் சுற்றிப் போக வேண்டும்?

இருங்கள், போன் அடிக்கிறது. மாஸ்டர். எடுக்காமல் விட்டால் நன்றாயிருக்காது. காதில் வைத்தால் பஸ் இரைச்சலில் கேட்காது, சத்தமாய்ப் போடுகிறேன், நீங்கள் ஒன்றும் நினைத்துக்கொள்ளாதீர்கள்.

"சொல்லுங்க மாஸ்டர்."

"சுயம்பு, எங்கம்மா வந்துக்கிட்டிருக்க?"

"நான் எங்க வர மாஸ்டர், வீட்டுலதான் கெடக்கேன். முட்டுவலி. எந்திக்க முடியல."

"ஹாரன் சத்தம் கேக்கே?"

"ரோட்டு மேல வீடுலா."

"எப்சி விலக்குல போயி நிக்காம்மா. காலையில இருந்து நிக்கா. வார பஸ்ஸெல்லாம் எட்டிப் பாக்கா. எல்லாரும் வந்தாச்சு. ஜெபசிங் கூப்புட்டா வரமாட்டேங்கா. நீ வராமத் துணிய எடுக்க விடமாட்டாளாம்."

"வேற யாரயாச்சும் வச்சி எடுக்கச் சொல்லுங்க மாஸ்டர். பிச்சம்மாள எடுக்கச் சொல்லுங்க. எட்டு ஓட்டு வாங்குனவல்லா."

"ம்... சரிம்மா. ஒன்ன ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்கிடாத. எனக்கு ரெண்டு கொறஞ்சு போச்சு. எனக்கும் இதுதான் கடைசித் தாளு. கேட்டா எல்லாரும் குத்துனேன், குத்துனேங்காவ. கணக்கு ஒத்துவரமாட்டேங்கு. நீ எனக்குக் குத்துனியாம்மா?"

"என்ன மாஸ்டர் இப்படிக் கேட்டுட்டீங்க? மொதக் குத்தே உங்களுக்குத்தான். செந்தூர் முருகன் சத்தியமா."

"நீ சொன்னா நம்புதேன். இது போதும்மா. ஒடம்பப் பாத்துக்கோ."

வைத்துவிட்டார்.

என்ன தங்கச்சி அப்படிப் பார்க்கிறீர்கள்? எழுபது வயது மனுஷன். வெறும் தாளைப் போட்டேன் மாஸ்டர் என்று அவரிடம் சொல்லச் சொல்கிறீர்களா? கேட்டீர்கள்தானே, குரலே மாறிப்போயிற்று. இப்போது நிம்மதியாய்ப் போய்ச் சாப்பாட்டுப் பந்தியைக் கவனிப்பார். ஒரு வார்த்தை. அதைச் சொன்னதில் எனக்கு என்ன குறைந்துபோயிற்று?

அதைத்தான் நான் கேட்கிறேன். அந்த ஒரு வார்த்தையை எப்சி சொல்லியிருக்கக் கூடாதா? "குத்துனேன்ட்டி" என்று சொல்லிவிட்டுக் காப்பியைக் குடித்துவிட்டுப் போயிருந்தால், நான் இன்றைக்குப் பட்டுச்சேலை கட்டி முதல் ஆளாய் வந்து நின்று துணியை எடுத்திருப்பேன். யாரோ எவரோ இருபத்திரண்டு பேருக்கு என்னிடம் அப்படிச் சொல்ல மனசு வந்ததே. கை கோத்து நின்றவளுக்கு வரவில்லையே.

ஏன் பஸ் மெதுவாய்ப் போகிறது? விலக்கு வந்துவிட்டதா? தங்கச்சி, நீங்கள் கொஞ்சம் முன்னால் சாய்ந்து ஜன்னலை மறைத்துக்கொள்ளுங்கள். இன்னும் கொஞ்சம். நான் பையை எடுக்கிற மாதிரிக் குனிந்துகொள்கிறேன். பந்தல் தெரிகிறதா? உயரமாய் ஒருத்தி நிற்பாள், கொஞ்சம் காலைச் சாய்த்து. என்ன நிறம் கட்டியிருக்கிறாள்? குடை வைத்திருக்கிறாளா? வெயிலில்தான் நிற்கிறாளா? கிறுக்கி, அவளுக்குத் தலைச்சுற்று வரும்.

பஸ்ஸுக்குள் பார்க்கிறாளா? எந்தப் பக்கம்? ஐயோ, கையைக் காட்டாதீர்கள்.

இல்லை, நான் இறங்கவில்லை. கண்டக்டரிடம் சொல்லுங்கள், யாரும் இறங்கவில்லை என்று.

கிளம்பிவிட்டதா? சரி. சரி, போகட்டும்.

கொஞ்சம் தலையை நீட்டிப் பின்னால் பார்த்துச் சொல்லுங்கள் தங்கச்சி. போய்விட்டாளா, இன்னும் நிற்கிறாளா?